இரும்புச் சரிகைக்குப் பின்னால்

சனிக்கிழமை காலை ஆனால் நெரினாவின் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். துக்க வீடும் இல்லை, கல்யாண வீடும் இல்லை. பழைய வீடு, அவ்வளவுதான். மெல்பர்ன் டன்ஸ்டர் தெருவில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பக்கச் சுவர்களைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் மாடி வீடுகள் ஐந்தில் அது நடு வீடு. விக்டோரியா மகாராணி காலத்தில் கட்டியவை. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக வருகிறவர்கள் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். அடுத்த வீட்டு க்ளெனிஸ் அவர்களுக்கு முன்னால் நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். பழைய வீடுகளைக் காப்பாற்றும் சங்கத்துக்குத் தலைவி, செயலாளர், கூட்டத்துக்கு பிஸ்கட் வாங்குகிறவள் எல்லாம் அவளேதான்.

நெரினா மாடி வராந்தாவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடிச் சுவருக்குப் பதிலாக இருக்கும் அந்த இரும்புச் சரிகையின் ஓட்டைகள் வழியே கீழே பார்ப்பாள். பூவும் கொடியும் சுருளுமாக, துணியில் பின்னியதுபோல் வார்த்த வேலைப்பாடு அது. கீழே வேலியிலும் அதே பூதான்.

"இந்த அஞ்சு வீட்டுக்கும் ஒரே அச்சுல வார்த்த இரும்பு, கண்ணுங்களா. ஒரு பூ குறையல. வரிசை முழுசா இருக்கிறதாலதான் இதுக்கு மதிப்பு. ஒரு வீடு பல்லு போன மாதிரி நின்னா, மத்த நாலுக்கும் சேர்த்து மானம் போச்சு," என்று க்ளெனிஸ் ஆரம்பிப்பாள். "இந்த நடு வீட்டுக் கதையை நீங்க கேக்கணும். செவெரினோ கொமெல்லின்னு ஒரு இத்தாலிக்காரர். அறுபதுகள்ல பக்கத்துத் தெருவெல்லாம் இரும்பைப் பிடுங்கி எடைக்குப் போட்டுச்சு. இவர் மட்டும் ஒவ்வொண்ணா கழட்டி, சாக்குல சுத்தி, தரைப் பலகைக்கு அடியில வச்சாரு. அவர் செத்தப்புறம் மகன் ஒரெஸ்தே எடுத்து மாட்டினாரு. வந்தேறிக் குடும்பம்னு நாம யாரைச் சொன்னோமோ அவங்கதான் நம்ம ஊரைக் காப்பாத்தினாங்க."

இந்த இடத்தில் அவளுக்குக் குரல் தழுதழுக்கும். நடிப்பு இல்லை. இத்தனை வருஷம் சொல்லியும் அவளுக்கு அது அலுக்கவில்லை. மேலே நெரினா கூடவே உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போயிருந்தது. போதாக்குறைக்கு, அந்தச் சாக்கு அவளுடைய கைச்சரக்கு. க்ளெனிஸ் முதல் தடவை காபி குடிக்க வந்த அன்று, கதையில் ஏதோ உப்புக் குறைகிறதே என்று அவள்தான் சேர்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் ஒருத்தி படம் எடுத்துக்கொண்டே, "மேல இருக்கிற அம்மாவும் வீட்டோட சேர்ந்ததா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நெரினா நல்ல கையைத் தூக்கி ஆட்டினாள். வேறு என்ன செய்வது?

அவள் வெளியே போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பக்கவாதம் இடது காலையும் இடது கையையும் எடுத்துக்கொண்டு, வாயை மட்டும் கொஞ்ச நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் அவளை மாடிக்குத் தூக்கி வந்தார்கள். படுக்கையும் குளியலறையும் மாடியில்தான். கீழே ஒரு கூடம், ஒரு சமையலறை, கையகல முற்றம். மாடிப்படியோ செங்குத்து, நடுவில் ஒரு ஒடிப்பு வேறு. ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் காத்திருக்க வேண்டும். படியோடு ஓடும் நாற்காலி பொருத்த வந்தவன் அளவெடுத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டான். வியாழக்கிழமைதோறும் அவளோடு முக்குக் காபிக்கடையில் சீட்டு விளையாடுகிற மூன்று பேர் ஆரம்பத்தில் மேலே வந்து ஆடினார்கள். அவர்கள் முழங்கால்களுக்கும் வயசாகிறதே. இப்போது அவள் இடத்தில் யாரோ ஒருத்தி ஆடுகிறாளாம், ஏமாற்றக்கூடத் தெரியாதவளாம்.

ஒரே வழி வீட்டின் முன்புறம் ஒரு சின்ன லிஃப்ட். முன்முற்றத்திலிருந்து மாடி வராந்தா வரை. வராந்தாவில் சரிகையில் ஒரு துண்டையும் கீழே வேலியில் ஒரு துண்டையும் எடுத்தால் போதும். நகராட்சிக்கு லிஃப்ட் பிரச்சினை இல்லை. என்றைக்கு வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். இரும்புதான் பிரச்சினை. நூற்று முப்பது வருஷத்துப் பழைய வார்ப்பு, ஒரு தடவை கழற்றி மாட்டியதே அதிசயம், இன்னொரு தடவை கை வைத்தால் பொலபொலவென்று நொறுங்கும், அசல் இரும்பை வெட்ட அனுமதி கிடையாது என்றார்கள். உதவியாளரை அனுப்பும் நிறுவனமோ, தீப்பிடித்தால் உங்களை எப்படி இறக்குவது, கிறிஸ்துமஸுக்குள் இறங்க ஒரு வழி செய்யாவிட்டால் எங்கள் ஆளை அனுப்பமாட்டோம் என்றது. பிறகு முதியோர் இல்லம்தான். நகரத்தின் வடக்கு விளிம்பில், ரயிலும் எட்டாத இடத்தில். அங்கே ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரியும் என்று அவள் புருஷன் ஒரெஸ்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

இவ்வளவுக்கும் அந்தச் சரிகை இரும்பே இல்லை. அலுமினியம். அது இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

செவெரினோ ஒன்றையும் சாக்கில் சுற்றவில்லை. வீடு வாங்கிய முதல் கோடையிலேயே கடப்பாரையால் நெம்பி எடுத்து, பழைய இரும்பு வண்டிக்காரனுக்குப் போட்டுவிட்டு, முற்றத்துக்கு சிமெண்ட் பூசி, வீட்டுக்கு ரோஜா வண்ணம் அடித்தார். அவர் கண்ணுக்கு அது துரு. ஊரில் விட்டுவிட்டு வந்த ஏழ்மையின் நிறம் அதுதான். பின்னாளில் சங்கத்துக்காரர்கள் தெருவைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம் போட்டார்கள். நடு வீடு பின்னர் குடியேறியவர்களால் சிதைக்கப்பட்டுவிட்டது என்று அதில் அச்சடித்திருந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத செவெரினோ அதை மகனிடம் கொடுத்து, "என்னடா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். தெருவிலேயே சுத்தமான வீடு நம்முடையதுதான் என்று எழுதியிருக்கிறார்கள் என்றான் ஒரெஸ்தே. கிழவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். காபிக்கடையில் எல்லாரிடமும் எடுத்துக் காட்டினார். காட்டப்பட்டவர்களில் ஆங்கிலம் படித்தவர்களும் இருந்தார்கள்.

அந்த ஆறாத வயிற்றெரிச்சலில்தான், அப்பா செத்த மறுவருஷம், ஒரெஸ்தே, இன்று உயிரோடு இல்லாத ஒரு நண்பனின் பட்டறையில், அடுத்த தெருவில் இதே பூ இருந்த வீட்டிலிருந்து அச்செடுத்து அலுமினியத்தில் வார்த்தான். மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கும்போது, புதிதாகக் குடிவந்த க்ளெனிஸ் கண் கலங்க நின்று, "இது எங்க கிடைச்சது?" என்று கேட்டாள். "அப்பா பத்திரமா வச்சிருந்தாரு," என்று அவன் வாயில் வந்துவிட்டது. அவ்வளவுதான். அடுத்த பிரசுரத்தில் செவெரினோவின் பெயர் வந்தது. பிறகு வாசலில் பித்தளைத் தகடு வந்தது. மற்ற நான்கு வீட்டுச் சரிகையும் ஒவ்வொரு குளிர்காலமும் துருவேறி அழுது வடிய, நடு வீடு மட்டும் பளிச்சென்று இருந்தது. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதே என்று ஒரெஸ்தே ஒவ்வொரு வசந்தத்திலும் கம்பிப் பிரஷ்ஷோடு ஏணியில் ஏறி, இல்லாத துருவைச் சுரண்டுவான். கீழே நின்று ஏணியைப் பிடிக்கிற வேலை நெரினாவுடையது. அவளும் மூக்கைச் சிணுங்கி, துரு பறக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொள்வாள்.

செவ்வாய்க்கிழமை நகராட்சியிலிருந்து ஆங்கஸ் என்கிறவன் கடைசியாக ஒருமுறை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் ஒரெஸ்தே அவளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தான். அதிலெல்லாம் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. கூந்தலைச் சிக்கெடுக்க ஆஸ்பத்திரி நர்ஸைவிட அவனுக்குப் பொறுமை அதிகம்.

"இன்னிக்கு சொல்லிடுவியா?" என்று கேட்டாள் நெரினா.

"நான் பாத்துக்கறேன்."

"என்னத்த பாத்துப்ப? வருஷம் பூரா இதையேதான் சொல்ற."

"நெரினா, அந்தப் பையன் இரக்கப்பட்டவன் மாதிரி தெரியறான். உன்னைப் பாத்தா மனசு மாறலாம்."

"என்னைப் பாத்து மாறுறதுக்கு நான் என்ன மாதா சிலையா? ஒரு வார்த்தை, ஒரெஸ்தே. அலுமினியம். முடிஞ்சுது."

அவன் சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தான். "அப்பா பேரை வாசல்ல எழுதி வச்சிருக்காங்க," என்றான்.

"உங்கப்பா கீழ இருக்காரு. நான் மேல இருக்கேன். எங்க ரெண்டு பேர்ல யாருக்கு இறங்கி வரணும்னு இருக்கு?"

"நான் பாத்துக்கறேன்னு சொன்னேன்ல."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அவள் நினைத்திருந்தால் எப்போதோ, எந்தச் சனிக்கிழமையிலும், மேலேயிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அவன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தாள். தன் பெண்டாட்டிக்காக அவன் அதைச் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. லிஃப்டைவிட அந்த ஆசை பெரிதாகிவிட்டது என்று அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

ஒன்பது மணி வாக்கில் உதவியாளர் மெலே வந்தாள். டோங்கா தீவுக்காரி, ஐம்பது வயசு, வாசற்படி நிறைகிற உடம்பு. அவள் நாற்காலியை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஆங்கஸும் க்ளெனிஸும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒரெஸ்தே கோட்டு போட்டுக்கொண்டு இறங்கியிருந்தான். மேலேயிருந்து அவன் வழுக்கை மட்டும் நெரினாவுக்குத் தெரிந்தது.

"வணக்கம், மிஸஸ் கொமெல்லி," என்று ஆங்கஸ் அண்ணாந்து சொன்னான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருந்தான். உண்மையிலேயே நல்ல முகம்தான்.

அவன் படம் எடுத்தான், டேப் பிடித்தான். க்ளெனிஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எனக்கு இதுல சந்தோஷமே இல்ல, ஒரெஸ்தே. நெரினாவுக்காக நான் வேண்டாத சாமி இல்ல. ஆனா இன்னிக்கு ஒரு துண்டை வெட்டினா, நாளைக்கு இந்த ஓரத்து வீட்டுக்காரன் மொத்தத்தையும் வெட்டிட்டு கண்ணாடி போடுவேன்னு நிப்பான். அப்புறம் வரிசை எங்க, மதிப்பு எங்க?"

"புரியுது," என்றான் ஒரெஸ்தே.

ஆங்கஸ் டேப்பைச் சுருட்டினான். "ஒரே ஒரு விஷயம்தான் மிஸ்டர் கொமெல்லி. பின்னாள்ல போட்டதா இருந்தா எனக்கு ஆட்சேபணையே இல்ல, இப்பவே சரின்னு எழுதிடுவேன். அதனால நேரடியாவே கேட்டுடறேன். இதுல ஏதாவது துண்டு புதுசா வார்த்தது, மாத்தினது இருக்கா? அந்த ரெண்டு துண்டு மட்டும் புதுசுன்னாகூடப் போதும்."

கதவைத் திறந்து, உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. இதைவிட ஒருத்தன் எப்படிக் கேட்பான்? நெரினா மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அந்த வழுக்கை வாசலில் இருந்த பித்தளைத் தகட்டின் பக்கம் திரும்பியது.

"இல்ல," என்றான் ஒரெஸ்தே. "எல்லாம் அசல். அப்பா வச்சிருந்தது."

நெரினா நல்ல கையால் சரிகையைப் பற்றிக்கொண்டாள்.

"ஆங்கஸ்," என்று கூப்பிட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாகவே வந்தது. "அது அலுமினியம். முழுக்க. என் மாமனார் இரும்பை எடைக்குப் போட்டுட்டாரு. இது என் வீட்டுக்காரன் பட்டறையில வார்த்தது."

மூன்று முகங்களும் மேலே திரும்பின. ஒரெஸ்தேயின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவன் ஆங்கஸின் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் பேசினான். தாழ்ந்த குரல்தான், ஆனால் அந்தத் தெருவில் சுவர் எல்லாம் பேச்சை மேலே ஏற்றிவிடும். சனிக்கிழமைதோறும் அவள் கேட்டுப் பழகிய தெருதானே.

"மன்னிச்சுக்கோங்க. பக்கவாதம் வந்ததிலேர்ந்து இப்படித்தான். நினைவு குழம்பிப் போச்சு. எதையாவது உளறிட்டே இருப்பா."

க்ளெனிஸ் மேலே பார்த்துத் தலையை ஆட்டினாள். குழந்தையிடம் ஆட்டுவதுபோல். "பரவாயில்ல கண்ணு. நீ ஓய்வெடு," என்றாள். ஆங்கஸும் அந்த நல்ல முகத்தோடு தலையாட்டினான்.

அப்போதுதான் நெரினாவுக்குப் பயம் வந்தது. இந்த வருஷம் முழுவதும் வந்ததெல்லாம் பயமே இல்லை என்று தோன்றியது. படி இறங்க முடியாதது ஒரு கஷ்டம், அவ்வளவுதான். இனி அவள் எது சொன்னாலும் இந்த மூன்று தலைகளும் இப்படித்தான் ஆடும். வடக்கு விளிம்பில் இருக்கிற முதியோர் இல்லத்திலும் இப்படித்தான் ஆடும், அங்கே இருக்கிறவர்களுக்கு அது சம்பளத்தோடு சேர்ந்த வேலை.

"மெலே," என்றாள். "நான் உளறுறேனா?"

"என்னை இதுல இழுக்காதீங்கம்மா. நான் வேலைக்கு வந்தவ."

"உன் சட்டையில இருக்கிற பேர் வில்லை. ஊக்கு இல்லாம எப்படி நிக்குது?"

"பின்னாடி காந்தம்மா. உங்களையெல்லாம் தூக்கும்போது ஊக்கு குத்திடும்னு கம்பெனியில குடுத்தது."

"அதைக் குடு."

மெலே கீழே எட்டிப் பார்த்தாள். நெரினாவைப் பார்த்தாள். சட்டைக்குள் கையை விட்டுக் காந்தத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். வில்லை கழன்று மெலேயின் காலடியில் விழுந்தது.

நெரினா சரிகையின் ஓட்டை வழியே கையை விட்டு, காந்தத்தைப் பூவின் வெளிப்பக்கத்தில் வைத்து அழுத்தினாள். கையை எடுத்தாள். அது நேராகக் கீழே போய், ஆங்கஸின் தோளில் பட்டுத் தரையில் உருண்டது.

"உளறல்தான்," என்றாள் அவள். "அதை எடுத்து வேலியில வச்சுப் பாருப்பா."

ஆங்கஸ் எடுத்தான். முதலில் ஒரெஸ்தேயின் வேலியில் வைத்தான். வழுக்கியது. வேறு இடத்தில் வைத்தான். வழுக்கியது. ஒரு எட்டு நகர்ந்து க்ளெனிஸின் வேலியருகே கொண்டுபோனான். டக்கென்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டியது. தெருவில் அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. க்ளெனிஸ் தன் வேலியில் ஒட்டியிருந்த காந்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சாக்குகூடச் சொன்னீங்களே," என்றாள் கடைசியில், யாரிடமும் இல்லாமல். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆங்கஸ் அண்ணாந்து பார்த்தான். "லிஃப்ட்டுக்குத் தடை இல்ல, மிஸஸ் கொமெல்லி. அதை நான் இன்னிக்கே எழுதிடறேன். வீட்டோட மதிப்பு என்ன, அந்தத் தகடு இருக்கலாமாங்கிறதை எல்லாம் அவங்க அப்புறம் பேசுவாங்க. லிஃப்ட் போட ரெண்டு மாசம் ஆகும்." காந்தத்தைப் பிடுங்கி எடுத்து, படியில் இறங்கி வந்த மெலேயிடம் கொடுத்தான். ஒரெஸ்தேயிடம் கை நீட்டினான். ஒரெஸ்தே கையைக் கொடுக்க மறந்து நின்றான்.

மெலே தன் வேலையை முடித்துவிட்டு மதியத்துக்கு முன் கிளம்பினாள். போகும்போது வழக்கம்போல் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

நெரினா ஜெயித்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு முன் காபிக்கடை, கையில் சீட்டு, ஏமாற்றத் தெரியாத அந்த யாரோ ஒருத்தியை எழுப்பிவிட்டு அவள் நாற்காலி. எல்லாம் கிடைக்கப்போகிறது. சந்தோஷம் எங்கே என்று தேடிப் பார்த்தாள். "உளறிட்டே இருப்பா" என்ற குரல்தான் திரும்பத் திரும்ப வந்தது. எவ்வளவு சுலபமாக அவன் வாயில் வந்தது. அப்பா பத்திரமாக வைத்திருந்தார் என்று வந்த அதே சுலபம்.

படியில் காலடி கேட்டது. ஒடிப்பில் கொஞ்சம் நின்று, பிறகு ஏறி வந்தது. ஒரெஸ்தே கோட்டைக் கழற்றாமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். திடீரென்று அவனுக்கு அவன் அப்பாவின் சாயல் வந்திருந்தது.

"அப்பா பேர் போச்சு," என்றான்.

"உங்கப்பா பேர் இப்பதான் போச்சு," என்றாள் நெரினா. "எம் பேர் அதுக்கு முன்னாடியே போச்சு. நீதான் போக்கின, வாசல்ல நின்னு."

அவன் வாயைத் திறந்தான். நான் பாத்துக்கறேன் என்று பழக்கதோஷத்தில் வந்துவிடுமோ என்று அவள் பயந்தாள். வரவில்லை. எழுந்து கீழே போனான். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

அவள் அவனைக் கூப்பிடக்கூடாது என்று இருந்தாள். இன்றைக்கு முழுக்கக் கூப்பிடக்கூடாது, முடிந்தால் லிஃப்ட் வருகிறவரை கூப்பிடக்கூடாது. வெயில் வராந்தாவிலிருந்து அறைக்குள் வந்து, கட்டிலைத் தாண்டிப் போனது. அவளுக்கு அடிவயிறு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். நல்ல கையால் நாற்காலியைப் பிடித்து எழ முயன்றாள். ஒரு சாண் எழுந்து, தொப்பென்று உட்கார்ந்தாள். குளியலறைக் கதவு எதிரிலேயே திறந்து கிடந்தது. மெலே இனி நாளைக் காலைதான் வருவாள்.

"ஒரெஸ்தே," என்று கூப்பிட்டாள்.

அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உடனே வந்தான். என்ன என்று கேட்கவில்லை. குனிந்தான். அவள் நல்ல கையை அவன் கழுத்தில் போட்டாள். அவன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு தூக்கினான். தினமும் செய்வதுபோல், ஒருவர் முகம் இன்னொருவர் தோளில் பதிய, அடி அடியாக நகர்ந்தார்கள்.